பெட்டியில் லேகியம்... வயிற்றில் நோய்!

போன மாதம் உத்திரமேரூரிலிருந்து ஓர் அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு கூரத்தில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு வந்தார். (கூரத்தாழ்வான் பிறந்த அதே கூரம்தான்!) பையன் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகிறான். பேங்க் லோன், விசா, தங்கும் அறை எல்லாம் முடிந்துவிட்டது.

"குளிர் நாடு டாக்டர்... ரெண்டு வருஷத்துக்கு வர்ற மாதிரி லேகியம், சூரணம் எல்லாம் கட்டிக் குடுத்துடுங்க" என்றார்.

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் பையன் வாயைத் திறந்தான். ஆறு மாதமாகவே வயிறு சரியில்லை. அவ்வப்போது சீதத்தோடு போகிறது. ஹாஸ்டல் சாப்பாட்டினால் என்று விட்டுவிட்டானாம். மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"டிக்கெட் போட்டாச்சே... அங்க போய்ப் பாத்துக்கக் கூடாதா?"

கூடாது! ஏன் என்கிறீர்களா? கணித மேதை ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் போனார். 1917-ல் படுக்கையில் விழுந்தார். 1919-ல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் போய்விட்டார். குளிரும், யுத்த காலத்தில் கிடைக்காத சைவச் சாப்பாடும்தான் காரணம் என்று நாம் எல்லோரும் சொல்வோம். காசநோய் என்றே வைத்தியமும் நடந்தது. ஆனால் 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது அமீபா கிருமியால் கல்லீரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினார். கப்பல் ஏறும் முன்பே, இங்கேயே அவருக்குச் சீதபேதி வந்திருக்கிறது. அந்தக் கிருமி குடலில் பதுங்கியிருந்து, வருஷங்கள் கழித்துக்கூட கல்லீரலைத் தாக்கும். யங் சொன்னது அனுமானம்தான். ஆனாலும் படித்த நாளிலிருந்து, வெளிநாடு போகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது வயிற்றைப் பற்றித்தான்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஜெர்மனியில் அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய முடியாது. ஆனால் பிள்ளை டாக்டரிடம் போனால்தானே இன்ஷூரன்ஸ்? பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அதில் தேறியதும் உடம்பே சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நுரையீரலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்! சொத்தைப் பல், பெண் பிள்ளைகளின் ரத்தசோகை, மாதவிலக்கு வலி... இதையெல்லாம் யார் பார்ப்பது? கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே இங்கே பார்த்து முடியுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவை டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் பையில் வையுங்கள்.

லேகியத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு, வீசிங் இருந்த ஒரு மாணவனுக்குச் சூரணம் கட்டிக் கொடுத்தேன். இன்ஹேலர் எடுக்கிறாயா என்று கேட்கவில்லை. அவன் என் சூரணத்தை நம்பி அதை நிறுத்திவிட்டான். முதல் குளிர்காலத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. பிழைத்துக்கொண்டான். தப்பு என்னுடையது, இன்றும் உறுத்துகிறது. பற்பம், செந்தூரம் எல்லாம் வைத்தியர் பக்கத்தில் இல்லாமல் சாப்பிடக் கூடாதவை. லேபிள் இல்லாத பொட்டலத்தை விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தால் என்ன பதில் சொல்வான்?

உத்திரமேரூர் பையனுக்குப் பரிசோதனையில் அமீபா இருந்தது. காஞ்சிபுரத்தில் ஆங்கில மருத்துவரிடம் அனுப்பி, முழு கோர்ஸ் மாத்திரை சாப்பிட வைத்தேன். இதில் எனக்கென்ன கௌரவக் குறைச்சல்? மறுபடி பரிசோதித்தோம், சுத்தம். டிக்கெட் தேதியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அப்போதும் அந்த அம்மா விடவில்லை. "கொஞ்சமாவது லேகியம்..."

"மிளகு ரசம் வைக்கத் தெரியுமா உங்க பையனுக்கு?" என்று கேட்டேன்.

"அவன் அடுப்பே பத்த வச்சதில்லே டாக்டர்!" என்றார், பெருமையாக.