நடிப்பன்று, நோய்

கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்டபின், தொழிலாளர் குடும்பத்தார் பலர் வைகறையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் மீளுகின்றனர். பகலில் பிள்ளைகளைக் காண்போர் ஆசிரியரே.

நேற்றுப் போற்றியவரை இன்று தூற்றுதல், கைவிடப்படுவோமென்னும் தீராத அச்சம், தன் கையையே கீறிக்கொள்ளுதல் ஆகியவை நெடுநாள் தொடரின் எல்லைநிலை ஆளுமைக் கோளாறாகலாம். முடிவு கூறவேண்டியவர் மருத்துவர். பெயரோ பொருந்தாப் பெயர். இருவகை மனநோய்களின் எல்லையில் நிற்பதென 1938இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்ன் கருதியதன் எச்சம்.

பரம்பரைக் கூறும் இளமையில் நேர்ந்த கொடுமையும் புறக்கணிப்பும் கலந்தே பெரும்பாலும் இது விளைகிறது. ஆதலின் வயிற்றுப்பாட்டிற்காக ரயிலேறும் தாயைப் பழித்தல் தகாது. கீறலை நடிப்பென்று கருதிப் பிரம்பெடுத்தல் அதனினும் கேடு. அஞ்சிய புறக்கணிப்பே மெய்யாயிற்று என்று பிள்ளை எண்ணும். காயத்தைக் கண்ட அன்றே அரசு மருத்துவமனைக்கோ பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்துக்கோ அனுப்புதல் வேண்டும். உரையாடல்வழிச் சிகிச்சையால் தேறுவோர் பலர். 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.