மேட்டில் இருப்பது மேட்டை விரும்பியா?

வயற்காணியை விட்டுவந்து மேட்டு நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்களைப் பற்றிக் கதைக்கும்போது, "அவர்கள் இப்போது அங்கே பழகிவிட்டார்கள்" என்று சொல்வோர் உண்டு. இந்தப் பேச்சை என்னால் ஏற்கமுடிவதில்லை. ஏன் என்று சொல்ல, கடற்கரைப் பாறையில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பிராணியின் கதையைச் சொல்லவேண்டும்.

கரையோரம் இருந்தவர்கள் கண்டிருப்பீர்கள். பாறையிலும் தோணியின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக, கூம்பு வடிவில் ஒட்டிக்கிடக்கும். வெறுங்காலால் மிதித்தால் கால் கிழியும். தமிழகக் கரையில் இதைக் கொட்டலசு என்பார்கள். ஓடு இருப்பதால் சிப்பி இனம் என்றே அறிஞர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதன் குஞ்சு நீந்தித் திரிந்து உருமாறுவதைக் கவனித்து, இது இறால், நண்டுக்கு உறவு என்று 1830இல் எழுதியவர் வோன் தொம்சன் என்பவர்.

குஞ்சு சில வாரங்கள் கடலில் மிதந்து, தின்று வளரும். கடைசிப் பருவத்தில் தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேடும். பாறையின்மேல் ஊர்ந்து ஊர்ந்து தடவிப் பார்க்கும். தன் இனத்தவர் முன்பே குடியிருக்கும் இடத்தையே பெரிதும் நாடும். இடம் பிடித்ததும் தலைப்பக்கத்தை ஒருவகைப் பசையால் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சாகும்வரை அந்த இடந்தான். தலைகீழாக நின்றபடி காலால் தண்ணீரைத் துழாவி உணவை வாய்க்குள் தள்ளும்.

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் கம்ப்ரே என்றொரு சிறு தீவு. அங்கே பாறையின் மேற்பகுதியில், அலை எப்போதாவது எட்டும் இடத்தில், தமாலஸ் என்ற சிறிய கொட்டலசு. கீழே, தண்ணீர் நெடுநேரம் நிற்கும் இடத்தில், பலானஸ் என்ற பெரிய இனம். நடுவில் வரப்புப் போட்டதுபோல் இருக்கும். பார்ப்பவர் என்ன சொல்வார்? சிறியதற்கு வெயிலும் வறட்சியும்தான் பிடிக்கும் போலும் என்பார்.

ஜோசப் கொனல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில் இதைச் சோதித்துப் பார்த்தார். தமாலஸ் ஒட்டியிருந்த கற்களைப் பெயர்த்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். அங்கே பலானஸ் வந்து ஒட்டியதும், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் அவற்றைக் களை பிடுங்குவதுபோல் அகற்றினார். மறுபாதியைத் தொடவில்லை. களை பிடுங்கிய பாதியில் தமாலஸ் நன்றாகவே பிழைத்தது. மறுபாதியில் பலானஸ் விரைந்து வளர்ந்து, அதன்மேல் ஏறி மூடியது. அடியில் நுழைந்து கிளப்பியது. பக்கத்தில் நின்று நசுக்கியது. தப்பியவையும் உருவத்தில் சிறுத்து, குஞ்சும் குறைவாகவே ஈன்றன. 1961இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. தமாலஸ் குஞ்சுகள் கீழேயும் வந்து ஒட்டத்தான் செய்கின்றன. நெருக்கி அழிக்கப்படுவதால்தான் கீழே அவற்றை அதிகம் காண்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பலானஸால் மேலே ஏறமுடியாது, காய்ச்சலில் கருகிவிடும். ஆகவே தமாலஸின் தாங்கும் வலிமை உண்மையானதே. ஆனால் அந்த வலிமையைக் காட்டி, "அதற்கு அந்த இடம் போதும்" என்று எழுதிவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அந்தப் பிழையைத்தான் எங்கள் குடும்பங்களைப் பற்றிய பேச்சிலும் கேட்கிறேன். கிணறு வெட்டினார்கள், மரவள்ளி நட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள் என்பதெல்லாம் அவர்கள் ஊரை மறந்ததற்குச் சாட்சியாகாது.

மனிதரைக் கொட்டலசோடு ஒப்பிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒப்பிடமுடியாதுதான். கொட்டலசுக்குக் காணி உறுதியும் இல்லை, வாய் திறந்து சொல்லவும் தெரியாது. அதனால் கொனல் கல்லைப் பெயர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. இங்கே கேட்டாலே போதும். படிவத்தோடு வருகிறவர்கள் எத்தனை தகரம், எத்தனை வாளி என்று எழுதுமுன், "தடை நீங்கினால் உங்கள் வயலுக்குப் போவீர்களா?" என்ற கேள்வியை முதல் வரியில் போடட்டும். பதிலை வீட்டுக்கார அம்மாவிடமும் தனியாகக் கேட்டு எழுதட்டும்.