சொட்டும் ஷவரும் ஒரு வாஷரும்

ஷவர் குழாய் சொட்டத் தொடங்கினால் பிளம்பர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "மொத்தமா மாத்திடுங்க சார்." இருமுறை மாற்றினேன். மூன்றாம் முறை, சலிப்பினால்தான், மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு ஸ்பேனருடன் நானே இறங்கினேன். கைப்பிடியைக் கழற்றி ஸ்பிண்டிலை வெளியே எடுத்தால் அதன் நுனியில் நைந்துபோன ஒரு ரப்பர் வாஷர். சில ரூபாய்ச் சமாச்சாரம்.

நொடிக்கு ஒரு சொட்டென்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். அதைப் பொறுக்காமல் நாம் குழாயை மேலும் மேலும் இறுக்குகிறோம். தேய்ந்த வாஷர் நசுங்கி, அது அமரும் பித்தளை விளிம்பில் உலோகம் உரசிப் பள்ளம் விழுகிறது. பிறகு புது வாஷர் போட்டாலும் ஒழுகும். அந்த நிலையில் பிளம்பர் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கு முன்னால் இல்லை.

கால் திருப்பில் திறக்கும் பீங்கான் தகட்டுக் குழாய்களில் இந்த வாஷரே கிடையாது. போர்வெல் நீரின் மணல் துகள்கள் தகட்டைக் கீறிவிட்டால் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்றவேண்டும். அதே மாடல் கடையில் கிடைக்காவிட்டால் நல்ல குழாயும் குப்பைக்குத்தான். எனவே அடுத்த குளியலறைக்குப் பழைய திருகுக் குழாயையே கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளறையிலிருந்து தூசு தட்டி எடுத்து வந்தார்.