கயிற்றை யார் கட்டிவிட்டது?

பள்ளியில் யார் கெத்து, யார் எந்த செட் என்பதெல்லாம் பிள்ளைகளின் விளையாட்டு என்று கடந்துபோகிறோம். செட்டுகள் மாறும், நேற்றைய ஹீரோ இன்று தனியாக நிற்பான். அது இயல்பு. ஆனால் தென்மாவட்டங்களில் பல பள்ளிகளில் கையில் கட்டிய கயிற்றின் நிறம்தான் செட்டைத் தீர்மானிக்கிறது. அந்த செட் மாறாது.

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்கள் மீது பள்ளியில் புகார் சொன்ன தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்களே.

2019இலேயே கயிறுகளுக்கு எதிராகக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், அகரவரிசையில் இருக்கை என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

கோச்சடையில் இருந்து இதை எழுதுகிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளி' என்று அரசே பெயர்ப்பலகை மாட்டியது. பலகையில் சாதியை எழுதிவிட்டு, மாணவன் கையில் இருப்பதை மட்டும் அறுக்கச் சொன்னால் எப்படி? கயிறு கட்டிவிடுவது வீடும் ஊரும் சாதிச் சங்கமும்தான். மாணவர் கையைச் சோதிப்பதோடு நிற்காமல் அவர்களையும் கேள்வி கேட்க வேண்டும்.

அகரவரிசையில் உட்காரவைக்க நிதி வேண்டாம், ஒரு வகுப்பாசிரியர் போதும். பக்கத்தில் யார் என்பதைச் சாதி முடிவுசெய்யாத வகுப்பில்தான் நட்பு தொடங்கும்.