‘இனிக் கிடையாது’ என்று எழுதுவதற்கு முதல்

போன வருசம் ஆவணியில் நான் ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் எண்டு அப்ப தோன்றவில்லை. “கொம்பனி நிப்பாட்டீட்டுது, இனி வராது” என்ற ஒரு வசனம்தான். அதால் எனக்கு வந்தது ஒன்பதாயிரம் ரூபா.

விசயம் லெகோ பற்றியது. லண்டனில் இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் சூட்கேசில் நாலைந்து லெகோ பெட்டி கொண்டு வருவான். அங்கே 20 பவுண்ஸ் போகிற பெட்டி எங்கட காசில் எட்டாயிரம் வரும். நான் முகநூலில் படம் போட்டு விற்பேன். அவன்ர முதலைத் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் என்ர போர்டிங் வாடகைக்கு. அந்த முறை வந்ததில் ஒன்று ‘ஸ்பீட் சாம்பியன்ஸ்’ வரிசையில் ஒரு கார். நிறுவனத்தின் இணையக் கடையில் அது கையிருப்பில் இல்லை என்று கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் ‘டிஸ்கன்டினியூட்’ என்று ஒரு சொல்லைத் தலைப்பில் போட்டேன். விலை 17,000.

வவுனியாவில் இருந்து ஒருவர் எடுத்தார். மகனுக்குப் பத்தாவது பிறந்தநாளாம். கதைத்து முடிக்கிற நேரம் கேட்டார்: “தம்பி, உண்மையா இது இனி வராதோ? காசு கொஞ்சம் கூடத்தான், அதுதான் கேக்கிறன்.”

“வராது அண்ணை.”

மூன்று கிழமையில் அதே தளத்தில் அதே கார், அதே பழைய விலையில் திரும்ப வந்தது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறாய் என்று என்ர அறைத்தோழன் கேட்டான். ஒரு விளையாட்டுச் சாமான், காசுள்ள ஆக்களின்ர பொழுதுபோக்கு, இதில என்ன அறம் கிறம் எண்டு. அவன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அரிசி பதுக்குகிறவனையும் என்னையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த அண்ணை காசுள்ளவர் இல்லை. அவர் 17,000 கொடுத்ததற்கு ஒரே காரணம் நான் சொன்ன அந்தச் சொல். கார் நல்ல கார், பெட்டி உடைக்காத பெட்டி. அவரை ஏமாற்றியது பொருள் இல்லை, அதைப் பற்றி நான் சொன்ன செய்தி.

லெகோ நிறுவனம் ஒரு செட்டைக் கொஞ்சக் காலம் தயாரிக்கும். பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருடம், சில அதைவிடக் கூட. பிறகு நிறுத்திவிடும். சேகரிப்பவர்கள் இதை ‘ரிட்டயர்ட்’ என்பார்கள், வேலையால் ஓய்வு பெற்றமாதிரி. நிறுத்தப்போகிற செட்களுக்கு நிறுவனமே தன்ர தளத்தில் ‘விரைவில் ஓய்வுபெறும்’ என்று அடையாளம் போடுவதும் உண்டு. கையிருப்பு முடிவது முற்றிலும் வேறு விசயம். கடையில் பாண் முடிந்துவிட்டது என்றால் பேக்கரி மூடிவிட்டது என்று அர்த்தமா? மூன்றாவது ஒன்றும் உண்டு: எங்கட நாட்டுக்கு அந்தச் செட் வராமலே இருப்பது. ‘இலங்கையில் எடுப்பது கஷ்டம்’ என்று எழுதினால் அது பல நேரம் உண்மைதான். ஆனால் அந்த வசனத்துக்கு யாரும் இரட்டிப்பு விலை தரமாட்டார்கள் என்பது விற்கிற எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அடைக்கிறோம்.

நான் விலையைக் குறை சொல்ல வரவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் ஏறினதைப் பார்த்த ஆக்கள் நாங்கள். விலை என்பது கல்லில் செதுக்கினது இல்லை என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மச்சான் பொதியின்ர நிறையைக் குறைத்து, தன்ர உடுப்பை விட்டுவிட்டுக் கொண்டு வருகிறான். அதற்கு ஒரு கூலி இருக்கிறது. உண்மையாகவே நிறுத்தப்பட்ட ஒரு செட்டைப் பத்து வருடம் வெயில் படாமல், பெட்டி நசியாமல் காத்தவர் மூன்று மடங்கு கேட்டால் அதிலும் எனக்குப் பிரச்சினை இல்லை. வாங்குகிறவர் வேண்டாம் என்று போகலாம். ஆனால் அவர் வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பது நான் கொடுக்கிற தகவலை வைத்து. அதையே நான் பொய்யாகக் கொடுத்தால் பிறகு ‘அவர் விரும்பித்தானே வாங்கினவர்’ என்று சொல்ல எனக்கு வாய் இருக்கக்கூடாது.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. செட் உண்மையிலேயே நிறுத்தப்பட்டிருந்தால்?

2008இல் லெகோ தாஜ் மஹால் செட் ஒன்றை வெளியிட்டது. இலக்கம் 10189. கிட்டத்தட்ட ஆறாயிரம் துண்டுகள், அமெரிக்காவில் 300 டொலர் விலை. அது நிறுத்தப்பட்ட பிறகு மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போனது. உடைக்காத பெட்டி வைத்திருந்தவர்கள் அதை வீட்டில் இருக்கிற தங்கம் மாதிரிப் பார்த்தார்கள். 2017இல் நிறுவனம் அதே தாஜ் மஹாலை 10256 என்ற புதிய இலக்கத்தில் திரும்ப வெளியிட்டது. 5,923 துண்டுகள், 370 டொலர். பழைய பெட்டியின் விலை விழுந்தது. அதே வருடம் ‘மில்லேனியம் ஃபால்கன்’ விண்கலத்துக்கும் இதே கதை. 2007இல் வந்து, நின்று, விலை ஏறின பெரிய செட். 2017இல் 7,541 துண்டுகளோடு அதைவிடப் பெரிதாகப் புதுசு வந்தது.

அப்படியென்றால் 2016இல் ஒருவர் ‘தாஜ் மஹால், உற்பத்தி நிறுத்தப்பட்டது, இனி ஒருபோதும் வராது’ என்று எழுதியிருந்தால் அதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி சாத்திரம். விற்பவர்கள் எப்போதும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறோம், முதல் பாதி உண்மை என்பதால் இரண்டாவதையும் ஆக்கள் நம்பிவிடுகிறார்கள்.

சிசரோ தன்ர ‘கடமைகள் பற்றி’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவில் இருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் தானியத்தோடு வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சனத்துக்குச் சொல்ல வேண்டுமா, பேசாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி சொல்லத் தேவையில்லை என்கிறார், சொல்லாமல் விடுவதும் மறைப்பதும் ஒன்றில்லை என்பது அவருடைய வாதம். அவருடைய மாணவர் அந்திபாத்தர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோ கடைசியில் மாணவரின் பக்கம் நிற்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஒரு ஆறுதல் வந்தது. டயோஜெனிஸ் என்ர ஆள்தானே! பேசாமல் இருக்கலாம் என்கிறாரே! பிறகுதான் உறைத்தது. அங்கே இரண்டு பேரும் சண்டை பிடிப்பது வாய் மூடி இருக்கலாமா என்பதைப் பற்றி மட்டும். ‘பின்னால கப்பல் ஒண்டும் வராது’ என்று சொல்லலாமா என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. நான் செய்தது அதுதான். அந்த அண்ணை நேரே கேட்டார், நான் கப்பல் வராது என்றேன். இத்தனைக்கும் கப்பல் வருமா வராதா என்று எனக்கே தெரியாது, போய்த் துறைமுகத்தைப் பார்க்கவும் இல்லை.

தெரியாமல் சொன்னால் பொய்யா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஒவ்வொரு லெகோ பெட்டியிலும் ஒரு இலக்கம் இருக்கிறது. அதை பிரிக்செட்டில் அடித்தால் எந்த ஆண்டு வந்தது, இப்போது விற்பனையில் இருக்கிறதா என்று வரும். பிரிக்லிங்கில் போனால் கடைசி ஆறு மாதத்தில் எத்தனை விற்றது, என்ன விலைக்குப் போனது என்று பார்க்கலாம். இரண்டு நிமிசம் போதும். நான் பார்க்கவில்லை. பார்த்தால் ‘டிஸ்கன்டினியூட்’ என்ற சொல்லை அழிக்க வேண்டி வரும் என்று எங்கேயோ ஒரு மூலையில் தெரிந்திருக்க வேண்டும்.

‘வாங்குகிறவனும் தேடிப் பார்க்கலாம்தானே’ என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்கிற பதில். பார்க்கலாம்தான். ஆனால் அந்தத் தளங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அப்படி ஒன்று இருப்பதே சேகரிப்பவர்களுக்குத்தான் தெரியும். மகன் யூடியூப்பில் பார்த்துக் கேட்ட ஒரு காரைத் தேடி வருகிற தகப்பனுக்கு இலக்கம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. சேகரிப்பவர்களிடம் நாங்கள் இந்தப் பொய்யைச் சொல்வதும் இல்லை, அவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். இந்தப் பொய் போய்ச் சேருவது அது தெரியாத ஆளிடம் மட்டும். எனக்கு இந்த விசயத்தில் மிகவும் அசிங்கமாகப் படுவது இதுதான்.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. ஒரு கார் பெட்டிக்காக யாரும் முறைப்பாடு கொடுக்கப் போவதில்லை, அது வேறு கதை.

முதலீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். ரஷ்யாவின் உயர் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையான 2,322 செட்களின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்கு 11 வீதம் இலாபம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ‘லெகோ தங்கத்தை விட மேல்’ என்ற வசனம் விற்கிறவர்களின் வாயில் ஒட்டிக்கொண்டது. அதே ஆய்வில் பாதிப் பெறுமதியை இழந்த செட்களும் இருப்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஏறினதும் இறங்கினதும் சேர்ந்துதான் சராசரி வருகிறது. ‘வாங்கி வையுங்கோ அண்ணை, ரெண்டு வருசத்தில ரெண்டு மடங்கு’ என்று சொல்லுகிற பெடியனுக்கு அந்தக் குறிப்பிட்ட பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது.

திரும்ப அந்தக் காருக்கு வருகிறேன். தளத்தில் அது வந்ததைக் கண்டு நாலு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு வவுனியாவுக்குக் கோல் எடுத்தேன். “அண்ணை, அந்தக் கார் திரும்ப வந்திட்டுது. நான் வடிவாப் பாக்காமல் சொல்லிப்போட்டன். கூட எடுத்த காசில அஞ்சாயிரம் அனுப்புறன், பாங் நம்பர் தாங்கோ” என்றேன். ஒன்பதாயிரத்தையும் கொடுக்க என்னிடம் இருக்கவில்லை. அப்போதும் ‘வடிவாப் பார்க்காமல்’ என்றுதான் சொன்னேன், பொய் சொன்னேன் என்று சொல்லவில்லை.

அவர் சிரித்தார். “பரவாயில்லைத் தம்பி, பிள்ளை சந்தோசம். அவன் பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் சொல்லித் திரியிறான், உலகத்திலயே இனி இல்லாத கார் தன்னட்ட இருக்கெண்டு.”

நம்பர் தரவில்லை. மகனிடம் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் விளம்பரத்தில் செட்டின் இலக்கத்தை முதல் வரியிலேயே போடுகிறேன். விற்பனையில் இருக்கிற செட் என்றால் ‘வெளிநாட்டில் இன்னும் விற்பனையில் உண்டு, அங்கத்தைய விலை இவ்வளவு’ என்று எழுதுகிறேன். நிறுத்தப்பட்டது என்றால் எந்தத் தளத்தில் எந்தத் திகதியில் பார்த்தேன் என்று எழுதுகிறேன், திரும்ப வரலாம் என்பதையும் சேர்த்து. ‘உனக்கு விசரோ, ஆர் இப்பிடி வியாபாரம் செய்யிறது’ என்று மச்சான் லண்டனில் இருந்து குரல்பதிவு அனுப்பினான். இந்த முறை அவன் கொண்டு வந்த ஐந்து பெட்டியில் இரண்டு போய்விட்டது, ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம் இலாபம். மிச்சம் மூன்றும் போர்டிங் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. பல்லி முட்டை போடாமல் இருக்க ஷொப்பிங் பையால் சுற்றி வைத்திருக்கிறேன்.