ஒரு வசனம் போதுமா?

காலைச் செபம் முடிந்ததும் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு தியான நூல் கைக்கு வருகிறது. தலைப்பில் ஒரு விவிலிய வசனம். கீழே ஒரு நிகழ்ச்சி. முடிவில் மூன்று வரிச் செபம். இப்போது கைப்பேசியிலும் அது வந்துவிடுகிறது. இரண்டே நிமிடங்களில் படித்துவிட்டு, இன்றைய இறைவார்த்தையை வாசித்துவிட்டோம் என மனநிறைவு கொள்கிறோம். உண்மையில் நாம் வாசித்தது எதை?

நாள்காட்டிகளிலும் தியான ஏடுகளிலும் திரும்பத் திரும்ப அச்சேறும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். நமக்கு வளமான எதிர்காலம் அளிக்க ஆண்டவர் எண்ணியிருக்கிறார் என்பது அதன் பொருள். மகனுக்கு வேலையும் மகளுக்குத் திருமணமும் விரைவில் கைகூடும் என்ற நம்பிக்கையோடு எழுகிறோம். ஆனால் அவ்வசனம், பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எழுதிய மடலின் ஒரு பகுதி. அந்நிய மண்ணிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள் என்கிறது அம்மடல். அடிமையாகச் சென்ற நகரின் நலனுக்காக மன்றாடச் சொல்கிறது. பொய்வாக்கினரை நம்ப வேண்டாம் என எச்சரிக்கிறது. விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது முந்திய வசனம். மடல் கேட்ட முதியோர் தாயகம் காணப்போவதில்லை! எந்த மலிவான ஆறுதலை எரேமியா எதிர்த்தாரோ, அதையே அவர் வாயில் நாம் திணிக்கிறோம்.

தியான நூல்களை நாம் பழிக்கவில்லை. 1521-இல் பம்பலோனாப் போரில் கால் முறிந்து லொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுமே. அவற்றை அவர் இரண்டு நிமிடங்களில் மூடிவிடவில்லை. நிறுத்தி நிறுத்திச் சிந்தித்தார். தம் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களைச் சீர்தூக்கினார். கிறிஸ்துவின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எடுத்தெழுதினார். பக்தி நூல் அவரை ஆண்டவரின் சொற்களிடம் கொண்டு சேர்த்தது. நம் கையிலுள்ள நூல் நம்மை எங்கே கொண்டு சேர்க்கிறது?

நேரமில்லை என்போர் உண்டு. அன்றைய திருப்பலியின் நற்செய்திப் பகுதி பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டுமென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வற்புறுத்தியது. 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழில் நம் கைக்கு வந்தது. புரியவில்லை என்று இனியும் எப்படிச் சொல்வோம்?

தியான நூல் காட்டும் வசனத்தைத் திருவிவிலியத்தில் தேடுவோம். அந்த அதிகாரம் முழுவதையும், வேண்டுமானால் வாய்விட்டு, குடும்பமாக வாசிப்போம். நமக்கு இனிக்காத வரிகளில் சற்று நேரம் தங்குவோம். அதன்பின் தியான நூலைத் திறப்போம். இறைவார்த்தை முதலில் பேசட்டும். விளக்கம் பின்னால் வரட்டும்.