பென்சில் யார் கையில்?

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் நின்ற வளாகத்தில், 2 வேர்ல்ட் டிரேட் சென்டர் என்ற புதுக் கோபுரம் எப்படி இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஊகித்தார்கள். 2006-இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் காட்டிய படத்தில், உச்சியில் சாய்வாக வெட்டிய நான்கு வைரங்கள். 2015-இல் அதை ஓரங்கட்டிவிட்டு, பெட்டிமேல் பெட்டி அடுக்கிய படிக்கட்டுக் கோபுரத்தோடு வந்தார் இன்னொரு கட்டடக் கலைஞர் பியார்கே இங்கெல்ஸ். ரசனை மட்டும் காரணமல்ல. குடிவரவிருந்த, ஊடக முதலாளி முர்டாக்கின் நிறுவனங்களுக்கு, தொலைக்காட்சி ஸ்டுடியோக்களுக்காகக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் அகன்ற தளங்கள் தேவைப்பட்டன. மறு ஆண்டு ஜனவரியில் அந்த நிறுவனங்கள் பின்வாங்கின; சில ஆண்டுகளில் மறுபடி ஃபாஸ்டர். இதற்கிடையே அஸ்திவாரம் தரைமட்டத்தோடு நின்றது. மேலே போட்ட தகரக் கொட்டகைகளில் தெரு ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள். (வந்த படங்களைவிட எனக்கு அதுதான் பிடித்தது.) கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்லித்தான் நாம் ஆர்வப்படுகிறோம். பென்சிலைப் பிடித்திருப்பதோ நீண்ட குத்தகை எழுதித்தரும் பெரிய வாடகைதாரர். அவர் கையெழுத்துப் போடும்வரை எந்தப் படமும் விளம்பரம்தான். ஆகவே நகரின் நடுவே புதுக் கோபுரம் என்று படம் வெளியிட்டால், நான் உச்சியைப் பார்ப்பதில்லை. நடைபாதையில் போகிறவனுக்கு என்ன வைத்திருக்கிறார்கள், நிழலா, கடையா, வெறும் கண்ணாடிச் சுவரா என்றே தேடுகிறேன். பெரும்பாலும் அந்தப் பகுதியை மரம் வரைந்து மறைத்துவிடுகிறார்கள்.